ஆறு பேருக்கு 24 இட்லியாம்!

ஜங்ஷன் அண்ணாச்சி:
இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. நம்ம டவுன் கணக்குப்பிள்ளை போன வாரம் ஒரு பதிவு போட்டார், எல்லாரும் ஆகா ஓகோ என்றீர்கள். குடும்பத்தோடு கொச்சி வொண்டர்லா ராட்டினப் பார்க்குக்குப் போனாராம். பெரியவர் நாலு, பிள்ளைகள் இரண்டு. வீட்டிலிருந்து 24 இட்லி கட்டிக்கொண்டு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினாராம். கோட்டயம் தாண்டியதும் ரயிலிலேயே காலைச் சாப்பாட்டை முடித்து, 900 ரூபாயும் ஒன்றரை மணி நேரமும் மிச்சம் பிடித்தாராம்.

அந்த 900-ஐயும் ஒன்றரை மணியையும் அப்புறம் கவனிக்கிறேன். முதலில் 24-க்கு வாங்க. ஆறு பேருக்கு 24 என்றால் ஆளுக்கு நாலு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவன், வாட்டின வாழை இலையைப் பிரித்து, எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் மணக்கும்போது, நாலோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பானா? என் வீட்டில் எட்டுக்குக் குறைந்து ஒருத்தரும் எழுந்ததில்லை. இது சிக்கனம் இல்லை வே, பட்டினி.

டவுன் கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி, பதிவை முழுசாகப் படித்தீர்களா, இல்லை 24-ஐப் பார்த்ததும் நின்றுவிட்டீர்களா? பெரியவர்களுக்கு ஐந்து ஐந்தாக 20. பிள்ளைகளுக்கு இரண்டு இரண்டாக நாலு. கூட்டினால் 24. ஒன்று மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

வண்டி எர்ணாகுளம் டவுன் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு ஹோட்டல் தேடி, ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்து, ஆர்டர் கொடுத்து, பில் வந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆளுக்கு 150 போட்டால் 900. முந்தின தடவை அப்படித்தான் ஒரு ஹோட்டலில் மாட்டினோம். பெயர் வேண்டாம். சின்னவன் அப்பம் கேட்டு, அது வருவதற்குள் மேசையிலேயே தூங்கிவிட்டான். இந்தத் தடவை இறங்கினோம், முகம் கழுவினோம், ஆட்டோ பிடித்துப் போய்விட்டோம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
பார்க்கில் உயரம் அளந்து பிள்ளைகளுக்கு டிக்கெட் போடுவார்கள். இவர் வீட்டில் உயரம் அளந்து இட்லி போடுகிறார்.

பாளை வாத்தியார்:
இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளாமல் ஒன்றைச் சொல்லுங்கள். மிச்சம் என்று எதைச் சொல்கிறோம்? ஹோட்டலுக்குக் கொடுக்காத காசையா? அரிசி, உளுந்து, கேஸ், எண்ணெய், மாவாட்டின ஆளின் நேரம் எல்லாம் கழித்து நிற்பதையா? இதை முடிவு செய்யாமல் பேசினால் விடியும் வரை பேசலாம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
வாத்தியாரே, ரிட்டையர்டு ஆனபிறகும் கேள்வித்தாளைக் கீழே வைக்க மாட்டீர்களா? கேஸ் கிடக்கட்டும். 24 போதுமா, போதாதா? அதற்கு மட்டும் பதில்.

கல்லிடை அப்பளம்:
எண்ணிக்கையை விடுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் பாலருவி நெல்லையை விட்டுக் கிளம்பும். அப்படியென்றால் சாயங்காலமே இட்லி அவித்திருக்க வேண்டும். சாப்பிட்டது மறுநாள் ஏழரைக்கு. மே மாதப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் எப்படி ஊசிப்போகாமல் இருந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கொப்பரையிலிருந்து எடுத்த இட்லியைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். ஆறினபிறகுதான் பொடி. நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவினால் இட்லி வறண்டுபோகாது. இலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. சூட்டோடு சம்படத்தில் போட்டு மூடினீர்கள் என்றால் ஆவி வேர்த்து, சொட்டி, விடியும்முன் நூல் விடும். தேங்காய்ச் சட்னி பக்கமே போகாதீர்கள்.

மேலப்பாளையம் மச்சான்:
அக்கா, மற்றதெல்லாம் சரி. ஆனால் பொடியைச் சூட்டோடுதான் தடவ வேண்டும். அப்போதுதான் எண்ணெய் உள்ளே இறங்கும். ஆறின இட்லியில் தடவினால் பொடி மேலேயே நிற்கும், ரயில் ஆட்டத்தில் பாதி மடியில்தான் கிடக்கும்.

கல்லிடை அப்பளம்:
சூட்டில் தடவிப் பாருங்கள் தம்பி, இட்லி உதிர்ந்து உப்புமா ஆகிவிடும். எண்ணெயைச் சரியாக விட்டால் பொடி ஏன் உதிர்கிறது? எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள்தான் சூட்டைத் தேடுவார்கள்.

மேலப்பாளையம் மச்சான்:
எங்கள் வீட்டு எண்ணெயைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். போன நோன்புப் பெருநாளுக்குப் பிரியாணி சாப்பிட வந்தபோது மட்டும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததாக்கும்.

தென்காசிச் சாரல்:
இட்லியே தப்பு என்கிறேன் நான். புளியோதரை கட்டினால் மறுநாள் சாயங்காலம் வரை அசையாது. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு அவ்வளவு சீக்கிரம் கெடாது. எங்கள் ஊரில் நள்ளிரவுக்கு மேல்தான் அந்த வண்டி வரும், நாங்கள் எப்போதும் புளிச்சோறுதான். அந்தப் பாதையைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010-ல் செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2018-ல் அகலப்பாதை திறக்கிறவரைக்கும் காத்துக்கிடந்தவர்கள் நாங்கள். என்ன, பாலருவியில் போனால் வழியில் மலைக்குள் இருக்கிற பதிமூணு கண் பாலத்தை இருட்டில்தான் தாண்ட வேண்டும். அது ஒன்றுதான் வருத்தம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
தனி மாவட்டமாகப் போனவர்களுக்கு இந்த விவகாரத்தில் ஓட்டு இல்லை. புளிச்சோறு பேச வேறு இடம் பாரும்.

தென்காசிச் சாரல்:
2019 நவம்பரில் அரசாங்கம் பிரித்தது மாவட்டத்தை, நாக்கை இல்லை அண்ணாச்சி. சீசனுக்குக் குற்றாலம் வரும்போது மட்டும் 'நம்ம ஊரு அருவி' என்பீர்கள்.

ஆர்லாண்டோ நெல்லையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே டிஸ்னி வேர்ல்டு பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன். காலைச் சாப்பாட்டில் காசை விட நேரம்தான் பெரிசு. பார்க் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவு. அவர்களுடைய ஹோட்டலிலேயே தங்கினால் அரை மணி முன்னாலேயே உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் போய் மிக்கி மவுஸோடு உட்கார்ந்து டிபன் சாப்பிட்டால் பெரியவர் ஒருத்தருக்கே 50 டாலருக்கு மேல் போகும், காலையும் போகும். நாங்கள் ரூமிலேயே மைக்ரோவேவ் இட்லித் தட்டில் அவித்துக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுவோம். டிஸ்னியில் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸும்தான் கூடாது. வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
வந்துவிட்டார் டாலர். தம்பி, வொண்டர்லாவில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். வாசலுக்கு முன்னாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், 24 எப்படிப் போதும்? உங்கள் ஊரில் போதாவிட்டால் பையில் கை விடலாம். இங்கே போதாவிட்டால் உள்ளே போய்க் காசை அவிழ்க்க வேண்டும். அப்புறம் எங்கே மிச்சம்?

ஆர்லாண்டோ நெல்லையன்:
அண்ணாச்சி, நான் உங்களுக்குச் சாதகமாகத்தானே பேசினேன்?

ஜங்ஷன் அண்ணாச்சி:
எனக்கு ஆள் சேர்க்க வேண்டாம். மைக்ரோவேவில் வைத்தது இட்லியே இல்லை.

டவுன் கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ஒன்றை மறக்கிறீர்கள். போவது கல்யாணத்துக்கு இல்லை, ராட்டினத்துக்கு. தலைகீழாகச் சுற்றுகிறதில் ஏறப்போகிறவன் எட்டு இட்லி சாப்பிட்டால் அது வெளியே எந்தப் பக்கம் வரும் என்று யோசியுங்கள். அண்ணாச்சியே அனுபவித்தவர்தான். பாளையங்கோட்டைப் பொருட்காட்சியில் ஜெயன்ட் வீலில் என்ன நடந்தது என்று இங்கே எழுதட்டுமா?

ஜங்ஷன் அண்ணாச்சி:
அது இட்லியால் இல்லை, அன்றைக்குச் சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜியால். பத்து வருஷக் கதையை இழுத்தால் 24 என்ன 48 ஆகிவிடுமா?

வண்ணாரப்பேட்டைக்காரன்:
நடுவில் ஒரு தகவல். அந்தப் பார்க்குக்கு முதலில் பேர் வீகாலேண்ட். வி-கார்டு ஸ்டெபிலைசர் கம்பெனிக்காரர் 2000-ல் ஆரம்பித்தது. போகிறவர்கள் நைலான் துணி எடுத்துப் போங்கள், காட்டனோடு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். அங்கே போய் வாங்கினால் அதுவும் ஒரு செலவு. காலை டிபனில் மிச்சம் பிடித்தது டவுசரில் போய்விடும்.

பாளை வாத்தியார்:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன். எந்தச் செலவைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம்?

ஜங்ஷன் அண்ணாச்சி:
வாத்தியாரே, உட்காரும். இப்போதுதான் ஒரு முக்கியமான சாட்சியம் அகப்பட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளையின் பழைய பதிவை மறுபடி படித்தேன். கடைசிப் பத்தியில், 'பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் உள்ளே பஃப்ஸ் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம், நாங்களும் ஆளுக்கு ஒன்று' என்று அவரே எழுதியிருக்கிறார். ஆறு பஃப்ஸ்! ஏன் வாங்கினார்? 24 போதாததால் வாங்கினார். வேறு என்ன வேண்டும்?

டவுன் கணக்குப்பிள்ளை:
பஃப்ஸ் பசிக்கு வாங்கியது இல்லை, ஆசைக்கு. ஹோட்டலில் முழு டிபன் சாப்பிட்டிருந்தாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அதைக் காலைச் சாப்பாட்டுக் கணக்கில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

ஜங்ஷன் அண்ணாச்சி:
பிள்ளைகளுக்கு ஆசை. உங்களுக்கு என்ன ஆசை? நீர் எதற்கு ஒன்று தின்றீர்?

டவுன் கணக்குப்பிள்ளை:
இது இட்லிச் சண்டை இல்லை என்று எனக்குத் தெரியும். அல்வா விவாதத்தில், சம்பா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் திருத்தினேன். அன்றிலிருந்து என் பதிவில் எந்த எண்ணைப் பார்த்தாலும் உங்களுக்கு அரிக்கிறது.

ஜங்ஷன் அண்ணாச்சி:
அல்வாவில் நான் சொன்னது சரி. அதையும் ஒரு நாள் நிரூபிப்பேன். குற்றால டூரில் சோப்புக்கு ஆளுக்கு மூன்று ரூபாய் ஐம்பது காசு பிரித்து வாங்கினவர் நீர். உம்முடைய சிக்கனம் ஊருக்கே தெரியும். 24-க்கு வாரும்.

மேலப்பாளையம் மச்சான்:
எண்ணெய்க் கஞ்சத்தனம் என்று சொன்னதை அக்கா இன்னும் திரும்பப் பெறவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கல்லிடை அப்பளம்:
பெறவும் மாட்டேன். சூட்டோடு தடவின இட்லியைப் படம் பிடித்துப் போடுங்கள், உதிராமல் இருந்தால் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை வீட்டம்மா:
இங்கே வந்து எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் போனும் கையுமாக அடுக்களை வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. 24 என்று யார் சொன்னது? நான் அவித்தது 30. ராத்திரி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போதே ஆளுக்கொன்றாக ஆறு போய்விட்டது. மாவாட்டி, அவித்து, இலை வாட்டி, இருபத்தைந்து பொட்டலம் கட்டினது நான். என் நேரத்தை இவர் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார் என்று வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
தங்கச்சி, நீ நல்லா இருப்பாய்! 30! கேட்டீர்களா எல்லாரும்? 24 பொய்!

டவுன் கணக்குப்பிள்ளை:
எப்படிப் பொய்? ஸ்டேஷனில் தின்றது ராத்திரிச் சாப்பாடு. காலையில் இலையைப் பிரித்தபோது இருந்தது 24. நான் எழுதியது காலைச் சாப்பாட்டைப் பற்றி.

ஜங்ஷன் அண்ணாச்சி:
ஒரே கொப்பரை, ஒரே பொடி, ஒரே இலை. அதில் ஆறு மட்டும் எப்படி ராத்திரிச் சாப்பாடு ஆகும்?

ஆர்லாண்டோ நெல்லையன்:
அது சரி, 30 இட்லிக்கு எப்படி 25 பொட்டலம்?

தென்காசிச் சாரல்:
புளியோதரை என்றால் ஒரே தூக்குச்சட்டி. எண்ணவே வேண்டாம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
தென்காசி, சும்மா இரும். கணக்குப்பிள்ளை, இன்னொரு சந்தேகம். அந்தக் கொப்பரையின் குழி எவ்வளவு பெரிசு? சின்னக் குழி என்றால் உங்கள் ஐந்து எங்கள் வீட்டில் மூன்று. தட்டைப் படம் எடுத்துப் போடும், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து.

டவுன் கணக்குப்பிள்ளை:
கொப்பரை பரணில் இருக்கிறது. இறக்க மாட்டேன்.