இரு அமைப்புகளுக்குப் பொதுவான கணினிப் பயிற்சிக்கூடம்: கருவிகளை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி
வணக்கம். இரண்டு தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து, ஒரே அறையில் 20 இருக்கைகள் கொண்ட பயிற்சிக்கூடம் அமைக்கவிருக்கிறோம். காலையில் தட்டச்சும் அலுவலக மென்பொருள்களும் கற்கும் தொடக்கநிலையினர் வருவார்கள். மாலையில் நிரலாக்கமும் படத்தொகுப்பும் பயில்பவர்கள் வருவார்கள். ஏற்கெனவே பயன்படுத்திப் புதுப்பித்த கணினிகள் என்றால் கையிலுள்ள தொகைக்கு 20 கிடைக்கும். புதியவை 14-க்கு மேல் இயலாது. ஒரு கணினிக்கு இருவர் அமர்ந்தால் விசைப்பலகை எப்போதும் துணிந்தவர் கையிலேயே தங்கிவிடுவதைப் பார்த்திருப்பதால், எண்ணிக்கையைக் குறைக்க மனம் வரவில்லை. எதை முன்வைத்து முடிவெடுப்பது?

மறுமொழி 1
புதுப்பித்த கணினிகளே போதும் என்பது என் கருத்து. ஆனால் செயலியின் (ப்ராசசர்) தலைமுறையைப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு வேண்டும், இன்டெல் செயலியானால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு முந்தையவற்றில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். காலை வகுப்புக்கு 8 ஜிபி நினைவகம் போதும், மாலை வகுப்பினர் அமரும் இருக்கைகளுக்கு மட்டும் 16 ஜிபி வையுங்கள். எஸ்எஸ்டி (வேகமான திடநிலைச் சேமிப்பகம்) மட்டும் எல்லாவற்றிலும் இருக்கட்டும். பழைய வன்தட்டு உள்ள கணினி இயங்கத் தயாராவதற்குள் வகுப்பு நேரத்தில் ஒரு பகுதி போய்விடும்.

மறுமொழி 2
கணினியை விலைபேசும் முன் மின்பணியாளரை அழைத்து அறையைக் காட்டுங்கள். நான் பொறுப்பேற்றிருந்த ஒரு கூடத்தில் இதைக் கடைசிக்குத் தள்ளியதால், எல்லாக் கணினிகளும் வந்திறங்கிய பிறகு பாதியைத்தான் இயக்க முடிந்தது. மாணவர்களைத் திருப்பி அனுப்பிய அந்த வாரத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் என்று கொண்டால் 20 இருக்கைகளுக்கு 2000 வாட் ஆகிறது, மின்சாரம் நின்றால் தாங்கும் யூபிஎஸ்ஸின் திறன்காரணி (விஏ அளவில் எத்தனை பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்பது) 0.8 என்றால் 2500 விஏ, சற்று இடைவெளி விட்டு 3 கேவிஏ (3000 விஏ). லேசர் அச்சுப்பொறியை யூபிஎஸ்ஸில் இணைக்கவே கூடாது, அதன் சூடேற்றும் பகுதி திடீரென்று மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். அந்த 2000 வாட்டும் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்கும் என்பதால் காற்றோட்டத்தையும் கணக்கில் சேருங்கள்.

இணைப்புக்கு வைஃபையை நம்பாமல் கேட் 6 வலையமைப்புக் கம்பி இழுங்கள். 20 கணினிகள், ஆசிரியர் கணினி, அச்சுப்பொறி, வெளி இணைப்பு என்று எண்ணினால் இந்தக் கம்பிகளை ஒன்றிணைக்கும் 24 துளை நெட்வொர்க் சுவிட்சில் ஒன்றுதான் மிஞ்சும்.

மறுமொழி 3
இரு அமைப்புகள் பகிர்வதால் இன்னொன்று. யார் பழுது பார்ப்பது என்பதை இப்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கணினிகளாக இருந்தால், ஒன்றைச் சீராக அமைத்து, குளோன்சில்லா என்னும் மென்பொருள் கொண்டு அதன் படிமத்தை (முழு நகலை) மற்றவற்றில் ஏற்றிவிடலாம். பழுதானதன் உதிரிப்பாகமும் மற்றொன்றுக்கு உதவும்.

கேட்டவர்
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாலை வகுப்பினர் 8 பேர்தான். ஒரே மாதிரியான 18 கணினிகளை வாங்கி, 16 இருக்கைகள் அமைத்து, இரண்டை மாற்றுக்கு வைத்துக்கொள்ள எண்ணுகிறோம். காலை வகுப்பை இரண்டு பிரிவாக்கினால் ஆளுக்கொரு கணினி கிடைத்துவிடும். மிஞ்சும் தொகை மின்வேலைக்கும் யூபிஎஸ்ஸுக்கும். நாளை மின்பணியாளர் வருகிறார்.