பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2: புதுப்பித்த பிறகும் அது டொனால்ட் ராஸின் மைதானம்தானா?

மணல்மேடு எழுதியது:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி, அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட்டில் டொனால்ட் ராஸ் வடிவமைத்த நம்பர் 2 கோல்ஃப் மைதானத்தைப் பற்றி. அங்கே நடந்த 1999 யு.எஸ். ஓப்பன் போட்டியில் பெய்ன் ஸ்டூவர்ட் ஜெயித்த கடைசி நாள் ஆட்டத்தை போன வாரம் முழுசாகத் திரும்பப் பார்த்தேன். ஃபேர்வேக்கு (பந்தை அடித்துக்கொண்டு போகும், புல் வெட்டிய பாதை) இரண்டு பக்கமும் அடர்த்தியான பச்சை ரஃப் (உயரமாக வளரவிட்ட புல்), எங்கே பார்த்தாலும் புல். அப்புறம் அதே கையோடு 2014-இல் மார்ட்டின் கைமர் ஜெயித்த ஓப்பனைப் பார்த்தேன். அதே ஹோல்கள்தான் (முதல் அடியிலிருந்து குழிவரை உள்ள ஒவ்வொரு பகுதியும் ஒரு ஹோல்), ஆனால் ஃபேர்வேயின் நடுவில் மட்டும் பச்சை, ஓரத்துக்குப் போகப் போகப் பழுப்பு, அதற்கும் அப்பால் வெறும் மணல், நடுநடுவே கம்பி மாதிரி விறைத்து நிற்கும் புல் கொத்துகள். இடையில் 2010, 2011-இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அங்கே வேலை செய்தார்கள் என்று தெரியும்.

இதைப் புதுப்பித்தல் என்று சொல்லாமல் மீட்டெடுத்தல் என்கிறார்கள், ராஸ் போட்ட மைதானம் திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். ராஸ் இறந்தது 1948-இல். அறுபது வருடம் கழித்து வந்தவர்களுக்கு அவர் மனதில் இருந்தது எப்படித் தெரியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கம்பிப்புல் எழுதியது:

வேலை நடப்பதற்கு முன்பு ஒரு தடவை, நடந்து முடிந்த பிறகு ஒரு தடவை அங்கே ஆடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதல் தடவை பந்து ஃபேர்வேயை விட்டு விலகினால் பெர்முடா புல் ரஃபில் போய்ப் புதைந்துவிடும், வெட்ஜை (பந்தை உயர எழுப்பும் மட்டை) எடுத்து வெளியே தட்ட வேண்டியதுதான், யோசிக்க எதுவும் இல்லை. இரண்டாவது தடவை கிட்டத்தட்ட அதே தூரம் விலகிய பந்து மணலில் கிடந்தது. பந்து கிடந்த இடம் சுத்தமாக இருந்தது, ஆனால் மட்டையைப் பின்னால் எடுக்கும் வழியில் சரியாக ஒரு புல் கொத்து. கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) அடிக்கலாமா, பக்கவாட்டில் தட்டலாமா என்று நின்றுவிட்டேன். மட்டைப் பையைத் தூக்கிக் கூட வந்த கேடி ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அடித்தேன், கொத்தில் மட்டை சிக்கி நாற்பது கஜம்தான் போனது. ஆனால் அந்த முடிவை எடுத்தது நான். ரஃப் இருந்த காலத்தில் முடிவை ரஃபே எடுத்துவிடும்.

"எப்படித் தெரியும்" என்று கேட்டீர்கள். 1943 டிசம்பரில் வானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள் கிடைத்தன, ராஸ் உயிரோடு இருந்தபோது எடுத்தவை. ஃபேர்வே எங்கே வளைகிறது, பங்கரின் (மணல் பள்ளம்) விளிம்பு எப்படி, மணல் எங்கே தொடங்குகிறது எல்லாம் அதில் இருந்தன. இன்னொன்று, பழைய தண்ணீர்க் குழாய். அந்தக் காலத்தில் ஃபேர்வே நடுவில் ஒரே வரிசையாகத்தான் குழாய் போகும், அதைப் பிடித்தபடி போனால் பழைய ஃபேர்வேயின் நடுக்கோடு கிடைத்துவிடும். பிற்காலத்தில் ரஃபை வளர்த்து வளர்த்து ஃபேர்வேயை ஒடுக்கியிருக்கிறார்கள் என்பது அப்போது தெளிவானது.

அப்புறம் ஏறக்குறைய 1,150 ஸ்பிரிங்க்ளர்களை (தண்ணீர் தெளிப்பான்கள்) 450-ஆகக் குறைத்தார்கள், 35 ஏக்கருக்கு மேல் புல்லைப் பெயர்த்து எடுத்தார்கள், அந்த இடத்தில் லட்சக்கணக்கில் வயர்கிராஸ் (நீங்கள் பார்த்த அந்தக் கம்பிப் புல்) நட்டார்கள். ஓரம் பழுப்பாக இருப்பது அழகுக்காகச் செய்ததில்லை, நடுக்குழாயிலிருந்து தண்ணீர் எட்டுகிற தூரம் அவ்வளவுதான்.

கிரீன் பராமரிப்பு ஆள் எழுதியது:

பதினெட்டு வருடமாக கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் இருக்கிறேன் (பைன்ஹர்ஸ்டில் இல்லை). மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம். மைதானத்தின் உருவத்தை மாற்றுவது வடிவமைப்பாளர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எங்களைப் போன்றவர்கள் தினமும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம், யாரும் கவனிப்பதில்லை.

கிரீனின் மூலையில் புல்வெட்டியைத் திருப்பும்போது கொஞ்சம் உள்ளே வாங்கித் திருப்புவோம், இல்லையென்றால் ஓரத்துப் புல் சிராய்த்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு விரல்கடைதான். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் நான்கு மூலை இருந்த கிரீன் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், மூலைகளில் கொடி நட்ட இடமெல்லாம் ரஃபாகியிருக்கும். பங்கருக்குப் பக்கத்தில் வைத்த குழிதான் அந்த ஹோலின் உயிர் என்றால் அது போயே போச்சு.

அடுத்தது மணல். கிரீன் சமமாக இருக்க வருடத்துக்குப் பல தடவை மெல்லிசாக மணல் தூவுகிறோம். நான் வேலை பார்த்த ஒரு பழைய மைதானத்தில் கிரீனில் துளை போட்டு மண் உருளையை வெளியே எடுத்தபோது அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தது, ஒரு கோடு வெளிர், ஒரு கோடு கறுப்பு, அதில் மேலே ஒரு சாண் அளவு வெறுமனே தூவித் தூவிச் சேர்ந்த மணல். அதாவது கிரீன் ஒரு சாண் உயர்ந்திருக்கிறது, சுற்றியுள்ள தரை உயரவில்லை. பைன்ஹர்ஸ்டின் ஆமை முதுகுக் கிரீன்களைப் பற்றிய பழைய சண்டையே இதுதான். ஓரத்தில் விழும் பந்தை எல்லாம் கீழே உருட்டிவிடும் அந்த வளைவு அத்தனையும் ராஸ் செய்தது இல்லை, பாதி மணல் செய்தது என்று ஒரு கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. போதாததற்கு 1996-இல் கிரீன்களைப் பெயர்த்துத் திரும்பப் போட்டார்கள், 2014-க்குப் பிறகு பென்ட் என்ற வகைப் புல்லை எடுத்துவிட்டுப் பெர்முடா வகைக்கு மாறினார்கள்.

இதில் கிரீனில் பந்து உருளும் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஸ் காலத்துப் புல்வெட்டியால் இவ்வளவு தாழ்வாக வெட்டவே முடியாது. மெதுவான கிரீனுக்காக வைத்த சரிவில் இன்றைய வேகத்தில் பந்து நிற்காது. அதனால்தான் பல பழைய ரிசார்ட்களில் புதுப்பிக்க வருபவர்கள் முதலில் கை வைப்பது கிரீன் சரிவில். அதை "மென்மையாக்கினோம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தூரப்பார்வை எழுதியது:

எல்லாரும் ராஸின் மைதானம் என்கிறீர்கள், எந்த வருடத்து ராஸ்? 1907-இல் பதினெட்டு ஹோலும் திறந்தபோது கிரீன்களில் புல்லே கிடையாது, மணல்தான். 1930-களின் நடுவில்தான் புல் வந்தது. இப்போதுள்ள 4, 5-ஆம் ஹோல்கள் 1935-இல் சேர்ந்தவை. அந்த மனிதர் மூன்றாவது ஹோலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்து சாகும்வரை அதை மாற்றிக்கொண்டே இருந்தார். அசல் என்று ஒரே ஒரு நாளைச் சுட்டிக்காட்டவே முடியாது. கூரும் கிரென்ஷாவும் 1943-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ராஸின் கடைசி முடிவுகளுக்கு அது மிக அருகில் இருக்கிறது, நல்ல படமும் இருக்கிறது, அதனால் நியாயமான தேர்வு என்றே சொல்வேன். ஆனால் தேர்வுதான். நீளத்தைப் பாருங்கள், 1999-இல் 7,175 கஜம், 2014-இல் 7,562 கஜம். இது எந்தப் பழைய படத்திலும் இல்லை.

மற்ற ரிசார்ட்களில் இதைவிடப் பெரிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. கனடாவில் பான்ஃப் ஸ்பிரிங்ஸ், ஸ்டான்லி தாம்ப்சன் போட்டது. ஹோட்டலை ஒட்டி ஸ்பிரே ஆற்றைத் தாண்டி அடிப்பதுதான் அவர் வைத்த முதல் அடி. 1989-இல் கிளப் கட்டடம் இடம் மாறியதும் ஆட்டம் தொடங்கும் இடமும் மாறி, அந்த ஹோல் இப்போது 15-ஆவது. மண்ணில் பெரிதாக எதுவும் மாறவில்லை, ஆனால் அவர் கோத்த வரிசை போய்விட்டது. காலையில் கை சூடாகாமல் ஆற்றைத் தாண்டி அடிப்பதும், பதினான்கு ஹோல் ஆடிவிட்டு அடிப்பதும் ஒன்றா? கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் நேர் எதிர்: கடலோர நிலம் ஆரம்பத்திலேயே கைவிட்டுப் போய்விட்டதால் 5-ஆம் ஹோல் உள்ளே தள்ளியே இருந்தது, நிலம் திரும்பக் கிடைத்த பிறகு 1998-இல் கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் கடலை ஒட்டிப் புதிதாகப் போட்டார். அசல் இல்லை, ஆனால் அசலைவிட நன்றாக இருக்கிறது என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

பழைய உறுப்பினர் எழுதியது:

பெயர் சொல்ல விரும்பவில்லை, நான் பல வருடம் ஆடிய ஒரு பழைய ரிசார்ட் மைதானத்தில் நிர்வாகம் மாறியதும் 12-ஆம் ஹோலின் குறுக்கே இருந்த பங்கரை மூடிவிட்டார்கள். விருந்தினர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆட்டம் தாமதமாகிறது, மணலைச் சமப்படுத்த ஆள் இல்லை. இதுதான் காரணம். பதிலுக்குக் கிரீன் முன்னால் ஒரு குளம் வெட்டினார்கள், விளம்பரப் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று. பங்கரில் விழுந்தால் எழுந்து வரலாம், குளத்தில் விழுந்தால் பந்து போச்சு. கஷ்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வெயில் நீடித்து மழையில்லாத வாரங்களில் அந்த ஃபேர்வேயில் பிறை வடிவத்தில் புல் மட்டும் முதலில் காயும். கீழே பழைய மணல் அப்படியே கிடக்கிறது, ஈரம் பிடிப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஆனால் தோண்டினால் கிடைக்கும் என்பதில் ஒரு நிம்மதியும் உண்டு.

மணல்மேடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கிரீன் பராமரிப்பு அண்ணா, ஒரு சந்தேகம்: ஃபேர்வேயை 1943-க்குக் கொண்டுபோனவர்கள் கிரீன்களை ஏன் அந்த வருடத்துக்குக் கொண்டுபோகவில்லை? அங்கேயும் மணலை வழித்து எடுத்திருக்கலாமே?

கிரீன் பராமரிப்பு ஆள் எழுதியது:

15-ஆம் கிரீனிலும் 17-ஆம் கிரீனிலும் கொஞ்சம் தொட்டார்கள் தம்பி, மற்றதை அப்படியே விட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் கிரீனின் ஓரக்கோடு தெரியும், மேடு பள்ளம் எத்தனை அங்குலம் என்று தெரியாது. ஃபேர்வேக்குக் குழாய் கிடைத்த மாதிரி இதற்கு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் நானும் தொடமாட்டேன். அதோடு இன்று அங்கே வருபவர்களில் பாதிப்பேர் அந்த ஆமை முதுகில் ஆடத்தான் வருகிறார்கள்.

அங்கே நடந்த 2024 யு.எஸ். ஓப்பனில் கடைசி நாள் 18-ஆம் ஹோலை ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதை ஜெயித்த பிரைசன் டிஷாம்போவின் பந்து இடது பக்க மணலில் மரத்தடியில் கிடக்கும், அங்கிருந்து பங்கருக்கு, பங்கரிலிருந்து 55 கஜம் தாண்டிக் குழிக்கு நான்கடி பக்கத்தில். முதல் அடி விழுந்த இடம் கூர், கிரென்ஷா மீட்டது, கடைசி அடி போய் நின்ற கிரீன் அவர்கள் கை வைக்காதது.