'கன்வின்சிங்' என்ற ஆங்கிலச் சொல் உங்களை எங்கே கவிழ்த்தது? மூன்று பேரின் பதில்கள்:

விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கச் சேர்ந்த முதல் மாதம். ஓர் அணி எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. ஆங்கிலத்தில் 'கன்வின்சிங் வின்'. கன்வின்ஸ் என்றால் நம்பவைப்பது, இதில் என்ன சந்தேகம்? 'நம்பத்தகுந்த வெற்றி' என்று அடித்து அனுப்பிவிட்டேன். மூத்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மத்த வெற்றியெல்லாம் மேட்ச் ஃபிக்சிங்கா?" என்றார். அதை அழித்துவிட்டு 'அபார வெற்றி' என்று எழுதினார். இழுபறி இல்லாமல் தெளிவாக ஜெயிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம்.

அப்புறம் அகராதியைப் புரட்டினால் வேடிக்கை. சொல்லின் வேரே 'வெல்லுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினைதான். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் மன்னரின் காவலர்களை மதுவால் 'கன்வின்ஸ்' செய்யப்போவதாக ஒரு வரி வரும். குடிக்கச் சம்மதிக்க வைப்பதல்ல, போதையில் சாய்த்துவிடுவது.

*

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ஓர் ஓவியத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் 'வெரி கன்வின்சிங்' என்றார். அப்போ அசல்தான் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். அவர் சொன்னதோ, போலி அச்சு அசலாக இருக்கிறது என்று! பொய், ஒட்டுமீசை, மேடை நடிப்பு எல்லாவற்றுக்கும் இந்த அடைமொழி பொருந்தும்.

ஒரு வாதத்தை 'கன்வின்சிங்' என்று சொல்லும்போதும் இந்த வழுக்கல் உண்டு என்பது என் கட்சி. 'கன்வின்சிங்' என்றால் கேட்டவர் நம்பிவிடுவார், அவ்வளவுதான். சொன்னது உண்மையா என்பது வேறு விஷயம். காரணகாரியம் பிசகாமல், மறுக்க இடமில்லாமல் நெருக்கும் வாதத்துக்கு 'கோஜன்ட்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அதன் லத்தீன் வேருக்கு ஒன்றாக ஓட்டிச் சேர்ப்பது என்று பொருள். மந்தையைப் பட்டிக்குள் அடைப்பதுபோல. போலி ஓவியத்தை யாரும் 'கோஜன்ட்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

*

நாம் பேச்சில் 'வீட்ல கன்வின்ஸ் பண்ணிட்டேன்' என்கிறோமே, அது சம்மதிக்க வைத்ததைத்தான். பழைய இலக்கண ஆசிரியர்கள் அதற்கு 'பெர்ஸ்வேட்' போடச் சொல்வார்கள். கன்வின்ஸ் மனத்தை நம்பவைப்பதோடு நிற்குமாம், செய்யவைப்பதுதான் பெர்ஸ்வேட். இப்போது ஆங்கிலேயர்களே அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டார்கள், சரி.

ஆனால் அந்தக் கோடு எனக்கு ஒருமுறை பிடிபட்டது. என் லீவு லெட்டரின் ஓரத்தில் மேலாளர் 'நாட் வெரி கன்வின்சிங்' என்று எழுதியிருந்தார். போச்சு என்று பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டு வந்து பார்த்தால், கீழே கையெழுத்து. லீவு கொடுத்துவிட்டார். காரணத்தைத்தான் நம்பவில்லை.