பேட்டி வீடியோவில் கறுப்புக் கோடு ஓடுகிறது, அவசரம்

சிப்புட் மாணவி: ஊடகப் பயிற்சிக்காகத் தோட்டத்துப் பாட்டி ஒருவரைப் பேட்டி எடுத்தேன், கித்தா (ரப்பர்) மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தைப் பற்றி அவ்வளவு அருமையாகப் பேசினார். போட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் கறுப்புக் கோடு ஓடுகிறது. நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும், உதவுங்கள்!

லூனாஸ்காரன்: எந்தக் கைப்பேசி? எங்கே உட்கார வைத்து எடுத்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி?

மணி77: மெமரி கார்டுதான். மலிவுக் கார்டில் வேகம் போதாது.

கிரியான் அண்ணன்: கார்டு என்றால் படம் திக்கும், கோடு ஓடாது. தங்கச்சி, கலிமந்தாங் விளக்கு (குழல் விளக்கு) இருந்ததா?

சிப்புட் மாணவி: ஆமாம் அண்ணே, பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்). நாமே அமைக்கும் புரோ மோடில் ஷட்டர் வேகம் 1/60 விநாடி, யூடியூப்பில் அப்படித்தான் சொன்னார்கள்.

பழைய நிருபர்: இது முதல் வகுப்புப் பாடம். அடிப்படை தெரியாமல் கேமராவைத் தொடுவதே தப்பு.

கிரியான் அண்ணன்: படிக்கத்தானே பிள்ளை கேட்கிறது. நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர் அதோடு பொருந்தாவிட்டால் கோடு விழும். 1/60 அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் சரி, இங்கே 1/50 அல்லது 1/100 வை, விநாடிக்கு 25 பிரேம் (படம்), நம் டிவிக்கும் அதே கணக்கு. எடுத்ததைக் காப்பாற்ற, அதே கிளிப்பை மேல் டிராக்கில் ஒரு பிரேம் தள்ளிப் போட்டு ஒபாசிட்டியை 50% ஆக்கு (பாதி ஊடுருவித் தெரியும்படி), கோடு மங்கும், முழுசாகப் போகாது. ஆனால் குரல் நன்றாக இருக்கிறதே, அதுதான் முக்கியம். பாட்டி முகத்தைக் கொஞ்சம் காட்டிவிட்டு, மீதிப் பேச்சின் மேல் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்), கித்தா மரம், அவர் கை, வெட்டுக்கத்தி என்று காலை வெளிச்சத்தில் எடுத்துப் போடு.

லூனாஸ்காரன்: அப்புறம் பத்திரிகையில் அச்சிடப் படம் வேண்டுமென்றாலும் வீடியோவிலிருந்தே ஒரு பிரேமை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய நிருபர்: அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். வீடியோ பிரேமின் 1920 புள்ளிக்கு 16 சென்டிமீட்டர்தான் அகலம்.

லூனாஸ்காரன்: நாளிதழ்த் தாளுக்கு 200 போதும், 24 சென்டிமீட்டர் வரும். தாராளம்.

பழைய நிருபர்: எண்ணிக்கை இருந்து என்ன, 1/50-இல் பாட்டி கையை ஆட்டினாலே படம் இழுவிப் போகும். தனியாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை வாட்சாப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

மணி77: எதற்கும் கார்டை மாற்றிப் பாருங்கள்.

சிப்புட் மாணவி: 1/50-இல் கோடு இல்லை. பழைய பேச்சின் மேல் கித்தா மரம் போட்டு ஒப்படைத்துவிட்டேன். நன்றி அண்ணே.

லூனாஸ்காரன்: அச்சுக்கு எந்தப் படம் கொடுத்தீர்கள்?