முதியோர் இல்லத்தில் நோரோவைரஸ்: யாருக்கு நிலைமை மோசமாகும்?

கேள்வி:
40 பேர் தங்கியிருக்கும் முதியோர் இல்லம். நேற்றிரவிலிருந்து ஆறு பேருக்கு வாந்தி, பேதி. நோரோவைரஸ் என்று சந்தேகம். எல்லாருமே 70 வயதைத் தாண்டியவர்கள், அதனால் ‘முதியவர்களுக்கு ஆபத்து அதிகம்’ என்ற அறிவுரையை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்களுக்குள் யாரை அடிக்கடி பார்க்க வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

பதில் 1:
முதலில் மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். ஆள் எப்படித் தெரிகிறார் என்பதை விட அதுதான் அதிகம் சொல்லும். நோரோவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். அந்த நேரத்தில் ஃப்யூரோசமைட் போன்ற நீர்மாத்திரை, எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டன் போன்ற பிபி மாத்திரை, டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரை மூன்றும் சேர்ந்து உள்ளே போனால் சிறுநீரகம் வேகமாகப் படுத்துவிடும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில், ரத்தச் சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும்போதே கீட்டோ அமிலம் கூடும், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிகாக்சின் (இதய மருந்து), லித்தியம் (மனநல மருந்து) எடுப்பவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். இரண்டை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது: இன்சுலின், நெடுநாள் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிட்டால் ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு இன்னும் இரண்டு கூட்டம். ஒன்று, எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள்: உறுப்பு மாற்று செய்தவர்கள், கீமோ எடுப்பவர்கள். மற்றவர்களுக்கு 1 முதல் 3 நாளில் அடங்குவது இவர்களுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். உறுப்பு மாற்றுக்குப் பின் டாக்ரோலிமஸ் (எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து) எடுப்பவருக்குப் பேதியாலேயே ரத்தத்தில் மருந்தளவு ஏறும், பரிசோதனை தேவை.

இன்னொன்று, பக்கவாதம், மறதிநோய் காரணமாக விழுங்கச் சிரமப்படுபவர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

முதியவர்களுக்குத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பைக் கணிக்க முடியாது. 8 மணி நேரம் சிறுநீர் போகாதது, புதிதாக வந்த குழப்பம், எழுந்து நின்றதும் மேல் பிபி 20க்கு மேல் இறங்குவது, குடித்ததெல்லாம் உடனே வெளியே வருவது, இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் இது நோரோவாக இல்லாமலும் இருக்கலாம், அவர்களுக்குப் பேதியை நிறுத்தும் லோபரமைட் மாத்திரை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இதயச் செயலிழப்புக்காக ஒரு நாளைக்கு 1.5 லிட்டர்தான் குடிக்கலாம் என்று சொல்லியிருக்கும் ஒருவருக்கும் வந்திருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

பதில் 2:
அந்தக் கட்டுப்பாடு பேதி இல்லாத நாளுக்கானது. இழந்ததை ஈடுகட்டத்தான் வேண்டும், ஆனால் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். காலையும் மாலையும் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. 1 லிட்டருக்கான பாக்கெட்டை முழு லிட்டரில் கரையுங்கள், பாதி பாக்கெட் கணக்கெல்லாம் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று ஆரம்பியுங்கள், மடமடவென்று கொடுத்தால் வாந்திதான் வரும். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள்.

பதில் 3:
வைரஸ் வகையும் ஒரு காரணம்தான். ஜிஐஐ.4 என்ற நோரோவைரஸ் வகை பரவும்போது மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடுதல். ஆனால் இன்றிரவு அதை வைத்து நீங்கள் மாற்றப் போவது எதுவுமில்லை. ஏழாவது ஆளுக்கு வராமல் பாருங்கள். கைக்குச் சோப்பும் ஓடும் நீரும்தான், சானிடைசரை நம்பாதீர்கள். தரைக்கு 5% பிளீச் 20 மில்லியை நீர் கலந்து 1 லிட்டராக்கினால் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குளோரின் வரும். வாந்தி விழுந்த இடத்தை முதலில் துடைத்தெடுத்துவிட்டு, அதே பிளீச் 100 மில்லியை நீர் கலந்து 1 லிட்டராக்கிய கரைசலை ஊற்றுங்கள். அமிலக் கிளீனரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். நோயுற்ற பணியாளர் கடைசி அறிகுறி நின்று 48 மணி நேரம் கழித்தே வரட்டும், குறிப்பாகச் சமையலறை ஆட்கள்.