வல்லூறைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாடிவாசி:
அணில்கள் விடாமல் கத்தவே, என்ன சமாச்சாரம் என்று எட்டிப் பார்த்தேன். எதிர்மரக் கிளையில் ஒரு வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். காலடியில் ஓணானை அழுத்திப் பிடித்துக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. முதுகு சாம்பல், மார்பில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள், கண் நல்ல சிவப்பு. என்னை ஒருதரம் பார்த்ததோடு சரி, சட்டையே செய்யவில்லை. உங்களுக்கும் இப்படி வாய்த்திருக்கிறதா?

கிளைநோக்கி:
சிவப்புக் கண் என்றால் ஆண். பெண்ணுக்குக் கண் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, உடலும் பெரிது. நான் பார்த்த ஒன்று சிட்டுக்குருவியைத் துரத்திக்கொண்டு வேலிப்புதருக்குள்ளேயே புகுந்துவிட்டது. குட்டைச் சிறகு, நீண்ட வால். நெருக்கமான கிளைகளுக்கு நடுவே வளைந்து திரும்பத் தோதான உடம்பு. குருவி தப்பிவிட்டது என்பது வேறு விஷயம். பெரிய வேட்டைக்காரன் என்கிறோமே தவிர, நான் பார்த்த பாய்ச்சல்களில் பாதிக்கு மேல் வெறுங்காலோடுதான் திரும்பியது.

புதியவன்:
நான் பார்த்ததற்கு முதுகு பழுப்பு, மார்பில் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாகக் கோடுகள். வேறு இனமா?

கிளைநோக்கி:
இளம் பறவையாக இருக்கும். வளர்ந்தபின் குறுக்குக் கோடு வந்துவிடும். ஆனால் அலகைக் கவனித்தீர்களா? அக்காக்குயிலும் நிறத்திலும் பறக்கும் விதத்திலும் இதை அப்படியே உரித்து வைத்திருக்கும். அதன் அலகு வல்லூறுக்கு இருப்பதுபோல் கொக்கியாக வளைந்திருக்காது. அப்புறம், அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்துக் கீழே தேடும் பறவை என்றால் பெரும்பாலும் இது இல்லை. வல்லூறு இலைமறைவில் உட்கார்ந்து காத்திருந்து பாயும்.

கூடுதேடி:
எனக்குக் கூட்டையே பார்க்கக் கிடைத்தது. உயரமான மரக்கவட்டில், காக்கைக் கூடு மாதிரி குச்சிகளை அடுக்கிய மேடை, உள்ளே புல். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டின. குச்சியை அலகில் மட்டுமா, காலிலும் இடுக்கிக்கொண்டு வந்தன! பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டை. அடைகாக்கும் சமயத்தில் ஆண் இரையோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து கூப்பிடும். பெண் எழுந்துபோய் வாங்கிக்கொள்ளும். கூட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், நான் கீழேயே நின்றுகொண்டேன். இலை மறைத்தது மறைத்ததுதான். படத்துக்காகக் கிளையை ஒதுக்குபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முட்டையிட்ட புதிதில் தொந்தரவு செய்தால் கூட்டைக் கைவிட்டே போய்விடக்கூடும்.

மாடிவாசி:
குரல் எப்படி? 'கீ... கீ...' என்று இரட்டையாகக் கேட்டது. அதுதானா?

கூடுதேடி:
அதுதான். ஆனால் குரலை மட்டும் நம்ப வேண்டாம். கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, இதே குரலை அச்சு அசலாகக் கொடுக்கும். புல்வெளியில் மேய்ந்த மைனாக்கள் அதைக் கேட்டு அலறிப் பறக்க, அவை விட்டுப்போன புழுவைக் கரிச்சான் நிதானமாக இறங்கி எடுத்துத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை கூப்பிடும்போது வாலைப் பாருங்கள். பிளந்திருந்தால் கரிச்சான், பட்டைபட்டையாக இருந்தால் உங்கள் ஆள்.