மறு: வார்ப்பிரும்பு 'சீசனிங்' – பதப்படுத்தலா, பழக்குதலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வார்ப்பிரும்புக் கல்லில் எண்ணெய் தடவிக் காய்ச்சி, தோசை ஒட்டாதபடி படலம் ஏற்றும் 'சீசனிங்' வேலைக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, அந்தக் கல்லுக்கான பராமரிப்புக் கையேடோ அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. அதனால் என் வாக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழக்குதல்.

> 'சுவையூட்டல்' என்று அட்டைப்பெட்டிகளிலேயே வந்துவிட்டதே, அதை ஏற்றால் என்ன?

வேண்டவே வேண்டாம். அது இயந்திர மொழிபெயர்ப்பு பார்த்த வேலை. 'முன்பே சுவையூட்டப்பட்ட தோசைக்கல்' என்று படிக்கிறவர், மிளகாய்ப்பொடி தடவி வருகிறது போல என்றுதான் நினைப்பார்.

> 'பதப்படுத்தல்' பொருத்தம்தானே?

காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. மீனைப் பதப்படுத்துகிறோம், தோலைப் பதப்படுத்துகிறோம். அதைவிடப் பெரிய சிக்கல் இரும்பிலேயே இருக்கிறது. பட்டறையில் கத்தியைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றும்போது உலோகத்தின் உள்ளமைப்பே மாறுகிறது. நாம் பேசுவதில் இரும்புக்குள் எதுவும் மாறுவதில்லை, மேலே ஒரு படலம் உருவாகிறது, அவ்வளவுதான். ஒரே உலோகத்தில் நடக்கும் இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயர் வைப்பதற்குக் கலைச்சொல் எதற்கு?

> அறிவியல்படி 'பலபடிப் பூச்சு' (பாலிமர் பூச்சு) என்பதே சரி.

ஐயா, வேதியியல் சரி. மெல்லியதாகத் தடவிய எண்ணெய் புகை வரும் அளவுக்குச் சூடாகும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, நிறைவுறாக் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. மணல் அச்சில் வார்த்த இரும்பின் முகம் சொரசொரப்பானது. அந்த மேடுபள்ளங்களில் இந்தப் படலம் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த நல்லெண்ணெய் நன்றாக வேலை செய்வதும், பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பான தேங்காய் எண்ணெய் அவ்வளவு கெட்டிப்படாததும் இதனால்தான். கையேட்டில் இது ஒரு பத்தியாகக் கட்டாயம் வரவேண்டும்.

ஆனால் 'பலபடிப் பூச்சு' விளைவின் பெயர், செயலின் பெயர் அல்ல. 'கல்லைப் பலபடிப் பூச்சிட்டேன்' என்று யாரும் சொல்லப் போவதில்லை. போதாக்குறைக்கு, இலங்கை நண்பர்கள் பலபடியைப் 'பல்பகுதியம்' என்பார்கள். அந்தச் சண்டையை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம்!

'பழக்குதல்' நாம் ஆக்கும் சொல்லே அல்ல, அதுதான் அதன் பலம். மயிலாப்பூர் மாட வீதிப் பாத்திரக்கடைகளில் 'பழக்கினதா, பழக்காததா?' என்றுதான் விலையே பேசுகிறார்கள். 'கல் இன்னும் பழகலை, முதல் தோசை பிய்ஞ்சுதான் வரும்' என்று அடுக்களையில் சொல்கிறோம். கிளைச்சொற்களும் இழுத்த இழுப்புக்கு வருகின்றன: பழகிய கல், பழகாத கல், முன்பழக்கிய கல், மறுபழக்கல். படலத்துக்கு 'பழகுபடலம்' என்ற வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். இது ஒன்றுதான் புதிது.

யானையைப் பழக்குவதோடு குழம்பாதா என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். அடுப்பில் யானை ஏறும் அன்று குழம்பும்.

உண்மையான சிக்கல் வேறு, அதை யாரும் எழுப்பவில்லை. வீட்டுப் பேச்சில் 'பழக்குவது' என்றால் வடித்த கஞ்சியிலோ அரிசி களைந்த நீரிலோ சில நாள் ஊறவைப்பதும் சேர்த்திதான். ஊறி, தேய்த்துக் கழுவும்போது பட்டறை எண்ணெயும் மேல்துருவும் கரும்பொடியும் போகின்றன. புளித்த கஞ்சியின் லேசான அமிலம் அதற்குக் கைகொடுக்கிறது. ஆனால் அங்கே படலம் எதுவும் உருவாவதில்லை, அது சுத்தம் செய்தல் மட்டுமே. எனவே முழு வேலைக்கும் 'பழக்குதல்' இருக்கட்டும். முதல் கட்டத்துக்குக் 'கஞ்சியில் ஊறல்', இரண்டாவதற்கு 'எண்ணெய் ஏற்றுதல்' என்று பிரித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், கஞ்சியில் ஊறவைத்ததோடு கல் பழகிவிட்டது என்று தோசை வார்த்துவிட்டு, கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார்கள்.

'எண்ணெய் ஏற்றுதல்' பகுதிக்கு என் வரைவு:

"ஈரம் போகக் கல்லைச் சூடாக்கவும். சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, வெட்டிய வெங்காயத்தாலோ துணியாலோ எங்கும் தேய்க்கவும். பிறகு உலர்ந்த துணியால், எண்ணெயே இல்லை என்று தோன்றும்வரை துடைத்தெடுக்கவும். புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் மீண்டும் செய்யவும். எண்ணெய் தடித்தால் படலம் கெட்டிப்படாமல் பிசுக்காகவே நிற்கும்."

அந்தத் 'துடைத்தெடுக்கவும்' வரியை யாரும் வெட்டிவிடாதீர்கள். பழகாத கல்லைவிட, எண்ணெய் தேங்கி, விரல் வைத்தால் ஒட்டும் கல்தான் இந்த ஊரில் அதிகம்.

பராமரிப்பில் நாலு வரி போதும். புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் நெடுநேரம் கொதித்தால் பழகுபடலம் கரையும், குழம்பிலும் இரும்புவாசம் ஏறும். சூடான கல்லில் பச்சைத்தண்ணீர் கொட்டக் கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். சோப்பே ஆகாது என்பது மிகை, மென்மையான சோப்பு படலத்தை ஒன்றும் செய்யாது. கழுவிய கையோடு அடுப்பில் காட்டி உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கக் கடற்காற்றில், ராத்திரி ஈரமாக விட்ட கல் காலையில் செம்மண் நிறத்தில் நிற்கும்.

சப்பாத்திக்கும் தோசைக்கும் தனித்தனிக் கல் என்ற வழக்கத்தையும் சேர்க்கலாம். சப்பாத்திக்கு எண்ணெயில்லாமல் கல்லைக் கடுமையாகக் காயவைக்கிறோம். மாவும் கருகி ஒட்டுகிறது. படலம் கெட்டு, அடுத்த தோசை பிடித்துக்கொள்கிறது.

எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டியைப் பழக்கத் தேவையில்லை என்று அடிக்குறிப்பு போடலாமா? அதற்கு 'கண்ணாடிப் பூச்சு' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். எனக்கு 'எனாமல்' போதும். மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.